சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்காதீர்கள்

ரங்கூனில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்துவிட்டு இங்கே வந்தவை. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். 1970-ல் சாலை விதி மாறியதிலிருந்து வண்டி போவதும் வலப்பக்கம்தான். அதனால் ஓட்டுகிறவர் சாலையின் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, தார் பெயர்ந்து, பள்ளம் விழுவதும் அந்த ஓரத்தில்தான். தனியாகப் போகும்போது ஆள் எடையும் வலப்பக்கம், பள்ளமும் வலப்பக்கம். என் பழைய டொயோட்டா ப்ராபாக்ஸில் முதலில் ‘டொக் டொக்’ என்றது வலது முன்சக்கரம். ஒரு வண்டியை வைத்து விதி எழுதக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் நின்று பள்ளத்தின் அடியைத் தாங்கும் அமைப்புதான் சஸ்பென்ஷன். அதைச் சொன்னதும் எல்லாரும் சுருள் ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பார்கள். அது அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. முதலில் போவது எண்ணெயும் ரப்பரும்.

எண்ணெய் இருப்பது ஷாக் அப்சார்பரில். பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், ஆனால் வைத்துக்கொள்ளாது, அப்படியே திருப்பித் தந்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தைத் தாண்டிய கார், நொடிக்கு ஒன்றோ ஒன்றரையோ தடவை என்று, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தைத் தின்று தீர்ப்பது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் குறுகலான துளைகள் வழியே பிதுங்கிப் போகிறது. அந்த இழுபறியில் ஆட்டம் சூடாக மாறிவிடும். மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு உருளையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் காரின் ஆட்டத்தோடு சக்கரமும் தனியாகத் துள்ளும், நொடிக்குப் பத்து தடவைக்கு மேல். துள்ளும் டயர் அவ்வப்போது தரையை விடுகிறது, அதனால் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகிறது. டயர்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். அலை அலையாக மேடு பள்ளம் தட்டினால் ஷாக்கைச் சந்தேகப்படலாம். பானெட்டை அமுக்கிவிட்டு ஆட்டத்தை எண்ணும் பழைய சோதனை இருக்கிறதே, அது அடியோடு போனதைக் காட்டும், பாதி போனதைக் காட்டாது.

அடுத்தது ரப்பர். எனக்குப் பாடம் கிடைத்தது இதில்தான்.

சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் புஷ் இருக்கும். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது உள்ளே எதுவும் கதவுக் கீல் மாதிரி வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. மோல்மேன் பக்கம் போகிறவர்கள் ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த மரத்துப் பாலில் கிடைக்கும் இயற்கை ரப்பரை இந்த வேலைக்கு இன்றும் நம்புகிறார்கள், எத்தனை முறை முறுக்கினாலும் அதில் விரிசல் மெதுவாகத்தான் வளரும். எண்ணெய் மட்டும் அதற்கு ஆகாது. கிரீச்சென்ற சத்தத்தை அடக்க ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், அப்புறம் ரப்பர் ஊதி மென்மையாகி, முன்னைவிட வேகமாகக் கெடும்.

நான் ஆயில் ஊற்றவில்லை. காசு கொடுத்துப் புது புஷ் போட்டேன். ஆறே மாதத்தில் மறுபடியும் டொக் டொக். போலி சாமான் என்று திட்டிக்கொண்டே வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், நம்ம ஆள். டார்ச் அடித்துப் பார்த்தார். ரப்பர் ஒரே பக்கம் பிறைநிலா மாதிரி கிழிந்திருந்தது.

“தம்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கிட்டாங்க.”

“அதனால என்ன அண்ணே?”

ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஆர்ம் 35 செ.மீ. நீளம் என்று வையுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் சக்கரம் 10 செ.மீ. கீழே தொங்கினால் ஆர்ம் 16 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் அங்கேயே பிடித்துக்கொள்ளும், ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் 16 டிகிரி முறுகியபடி நிற்கிறது. ராத்திரி வாசலில் சும்மா நிறுத்தியிருக்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை. அதற்கு மேல் ஒரு பள்ளம் வந்தால், இருக்கும் முறுக்கோடு இன்னும் முறுகும்.

புஷ்ஷோடு பால் ஜாயிண்ட்டையும், அதாவது ஆர்மின் மறுமுனையைச் சக்கரத்தோடு சேர்க்கும் குண்டு மூட்டையும், பார்க்கச் சொன்னேன். மேலுறை கிழிந்து சேறு புகுந்திருந்தது. இதைத் தள்ளிப்போடவே கூடாது, குண்டு கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஷாக்குகளை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினோம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகப் பூட்டியிருக்கும் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். நூற்றுக்கணக்கான கிலோ விசையை அடக்கி வைத்திருக்கும் கம்பி அது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

புது புஷ்ஷைப் போட்டபோது போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டார் அந்த அண்ணன். முன்சக்கரங்களுக்குக் கீழே தடித்த மரக்கட்டைகளை வைத்து வண்டியை அவற்றின்மேல் இறக்கினார். பம்பரை நாலு தடவை அமுக்கி ஆட்டினார். வண்டி தன் உயரத்துக்கு வந்து நின்றதும் பாயை விரித்து அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

“இப்ப கொடுங்க ஸ்பேனரை.”