மேடாக்கிய மனையின் தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தாழ்வான இடத்தில் மனை வாங்கியவர் அஸ்திவாரத்துக்கு முன்பே செய்யும் வேலை, லாரி லாரியாக மண்ணடித்து மூன்றடி மேடாக்குவது. 7,200 கன அடி மண். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ இரண்டு லட்சம். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பதினேழு சேர்ந்தால்தான் அவ்வளவு வரும். மூன்றடி வெள்ளம் வந்தால் அந்த மனையில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் அது. இப்போது இடமில்லாததால், மேடாக்காத பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் சும்மா இருப்பாரா? அடுத்த கோடையில் அவரும் மண்ணடிப்பார். ஐந்நூறு மனைகள் இப்படி உயர்ந்தால் பத்து கோடி லிட்டர் தண்ணீர் புது இடம் தேடும்.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம்தான். சுற்றுவட்டாரத்து ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்குக் கலங்கல் வழியாக வழிந்து, கடைசியில் எல்லாம் வந்து சேரும் இடம் அது. நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். அதன் மீது 10 செ.மீ. மழை பெய்தால் இரண்டரைக் கோடி கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 0.9 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் கால் பங்கு. ஒரு காலத்தில் சதுப்பு நிலம் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்வார்கள். நிலம் உறிஞ்சுவதையும் கடலுக்கு வடிவதையும் விட்டுவிட்டு, வந்த நீர் முழுவதையும் அதில் பரப்பிப் பார்த்தால் அரை மீட்டர் உயரம். முழங்கால் அளவு. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பரப்போ சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். அதே மழை, அதே நீர். உயரம் இரண்டு மீட்டர். அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறி நிற்காது. அதற்கு முன்பே வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் புகுந்துவிடும். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் வழியும் தாராளமானதல்ல. ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு, கோவளம் பக்கத்து முகத்துவாரம். வழி நெடுகிலும் சரிவு மிகக் குறைவு. கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் வாய்க்கால் நீர் வடியாமல் தேங்கும். அப்போது தெருவோர மழைநீர் வடிகாலின் வாய் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். வடிகால் பின்னோக்கி ஓடித் தெருவுக்குள்ளேயே தண்ணீர் கொண்டுவரும். அகலமான வடிகால் கட்டினால் தீர்ந்துவிடும் என்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கட்டடங்கள் நேரத்தையும் மாற்றுகின்றன. வயலில் விழுந்த மழையில் ஒரு பங்கு மண்ணில் இறங்கும், ஒரு பங்கு வரப்புக்குள் நிற்கும், மீதிதான் மெல்ல நகரும். கூரையிலும் தாரிலும் விழுந்தது சில நிமிடங்களில் வாய்க்காலை எட்டிவிடும். மொத்த அளவு கூடுவதைவிட, எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதுதான் வெள்ளத்தின் உச்சத்தை ஏற்றிவிடுகிறது.

"இது நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம், இனி கவலை இல்லை" என்று மனை விற்பவர்கள் சொல்வதுண்டு. நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்று பொருள். இந்த ஆண்டு வந்துவிட்டதால் அடுத்த ஆண்டின் வாய்ப்பு குறைந்துவிடாது. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் அடைத்து முடிவதற்குள் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். அதுவும் மழையும் நிலமும் பழையபடியே இருந்தால்.

கட்டிய வீட்டையே தூக்குவது இப்போது சென்னையில் ஒரு தொழில். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகித் திருகி வீட்டை மூன்று நான்கடி உயர்த்துகிறார்கள். இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டுகிறார்கள். பார்க்க வியப்பாகத்தான் இருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்ட இடங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் வீட்டோடு சம்ப்பும் செப்டிக் டேங்கும் எழுந்து வருவதில்லை. வெள்ளத்தில் இரண்டும் மூழ்கினால், ஒன்றில் உள்ளது மற்றொன்றில் கலக்கும். மேலே வீடு உலர்ந்திருக்கும், குழாயைத் திறக்க முடியாது.

இங்கிலாந்தில் வெள்ளச் சமவெளியில் மண்ணடிக்க அனுமதி கேட்டால் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும்: அடைத்த கொள்ளளவுக்கு ஈடாக வேறோரிடத்தில், அதே மட்டத்தில், தோண்டித் தர வேண்டும். அந்த 'அதே மட்டம்' முக்கியம். குடியிருப்பின் மூலையில் ஆழமாக ஒரு குளம் வெட்டிவிட்டு ஈடு செய்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. நிலத்தடி நீராலும் முதல் மழையாலும் அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வெள்ளம் வரும் நாளில் அதில் இடம் இருக்காது. தூண்கள் மேல் கட்டிக் கீழ்த்தளத்தை நீர் போக விட்டுவிடுவது இதைவிட நேர்மையான வழி. பிற்பாடு தூண்களுக்கிடையே சுவர் எழுப்பிக் கடை வைக்காதவரை.

மனை வாங்குபவருக்காவது கார்த்திகையில் போய்ப் பக்கத்துச் சுவர்களில் நீர்க்கறை எவ்வளவு உயரம் என்று பார்த்துவரும் வாய்ப்பு உண்டு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் அதைச் சொல்வதில்லை. அடையாற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பும் தரப்படவில்லை. அவர்களில் பலருக்கு அரசு கொடுத்த வீடு பெரும்பாக்கத்தில், அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில், எட்டடுக்குக் கட்டடங்களில். மேல் மாடிக்கு வெள்ளம் வராது என்பது உண்மைதான். கீழே தண்ணீர் நின்று மின்சாரத்தை நிறுத்தினால் லிஃப்ட் ஓடாது, மோட்டார் ஓடாது. குடிக்கும் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஏழு மாடி ஏற வேண்டும்.