மாசிக்காய் மையில் ஒரு மாலைப்பொழுது

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டால், சுண்டைக்காயை விடச் சற்றுப் பெரிதாக, கரடுமுரடான உருண்டை ஒன்றைத் தருவார்கள். பெயர்தான் காய். ஓக் மரத்தில் சிறு குளவி ஒன்று முட்டையிட்ட இடத்தில் மரம் புடைத்து உண்டான கட்டி அது. அதைப் பொடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் வேலம் பிசினும் சேர்த்தால் மை தயார். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கணக்கெழுதவும் கடிதமெழுதவும் படம் வரையவும் பெரிதும் உதவியது இந்த மைதான்.

ரோமில் வாழ்ந்து 1682-இல் மறைந்த நிலக்காட்சி ஓவியர் குளோட் லோரேனின் பேனாப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடைச் சரக்குதான். ஒரு பக்கம் ஓங்கிய மரம், அடியில் மந்தையோடு இடையன், நடுவே ஆறு, அதன்மேல் பாலம், கடைசியில் குன்று. பரோக் எனப்படும் அந்த 17-ஆம் நூற்றாண்டுக் கலைக் காலத்து மேய்ச்சல் நிலக் காட்சிக்கு அவர் வகுத்த அமைப்பு பெரும்பாலும் இதுவே. மனிதர்கள் அவருக்கு அவ்வளவாக வசப்படவில்லை. நிலக்காட்சியைத்தான் விற்கிறேன், ஆட்களை இலவசமாகத் தருகிறேன் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஆனால் காற்றை வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முன்னால் நிற்கும் மரத்தைப் பாருங்கள். அதை வரைந்தது வாத்து இறகைச் சீவி, நுனியைப் பிளந்து செய்த பேனா. அழுத்தினால் பிளவு விரிந்து மை பெருகும், கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் மயிரிழையாகும். மரத்தின் இலைகள் அழுத்திய கோடுகள். பாலத்துக்கு வந்தால் கோடு மெலிகிறது. நீர் கலந்த மையைத் தூரிகையால் பூசியிருக்கிறார். குன்றோ, தாளில் படிந்த மங்கலான கறை போலத்தான் தெரியும்.

கண் இதைத் தூரம் என்று ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கும் குன்றுக்கும் இடையிலுள்ள காற்று சூரிய ஒளியைச் சிதறடித்து, ஒரு வெளிறிய திரையாக நடுவில் நிற்கிறது. குன்றின் கருநிழல்கூட அந்தத் திரையைத் தாண்டி வரும்போது சாம்பலாகிவிடும். காற்று சீராக இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே எஞ்சியிருக்கும் வேறுபாட்டில் ஒரே விகிதத்தைத் தின்றுகொண்டே போகும். லோரேன் சூத்திரம் எதுவும் போடவில்லை. மையில் நீரைக் கூட்டிக்கொண்டே போனார். விடியுமுன்பே ரோமைச் சுற்றியிருந்த வெளிகளுக்குப் போய், இருட்டும்வரை அங்கேயே கிடந்து வானத்தைப் பார்ப்பார் என்று அவருடைய நண்பரான ஓவியர் சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார்.

சூரியன்? சில படங்களில் அதை அவர் வரையவே இல்லை. சுற்றிலும் மை பூசி, நடுவில் தாளைத் தொடாமல் விட்டிருக்கிறார். கந்தல் துணிக் கூழில் செய்து ஜெலட்டின் பூசிய தாள் என்பதால் மை ஊறிப் பரவவில்லை. விட்ட வெண்மை விட்டபடியே நின்றது.

இன்று நம்மை மயக்கும், இந்த மைக்கோடுகளின் பொன்பழுப்பு நிறம் பல படங்களில் ஓவியர் தேர்ந்தெடுத்ததாக இராது. மாசிக்காய் மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அதன் இரும்பு மாற்றமடைந்து, மாசிக்காயின் துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கருத்துவிடும். ஆண்டுகள் போகப்போக அந்தக் கருமை சிதைந்து பழுப்பாகிறது. பீச் மரப் புகைக்கரியில் செய்யும் பிஸ்டர் மையோ பிறவியிலேயே பழுப்பு. கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால், அருங்காட்சியகக் குறிப்புகள் ‘பழுப்பு மை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன.

மாசிக்காய் மையில் தங்கிய அமிலமும் மிஞ்சிய இரும்பும் தாளின் நாரையும் அரிக்கும். மை எங்கே கெட்டியாக விழுந்ததோ அங்கேதான் தாள் முதலில் வெடிக்கும். ஓவியர் அழுத்தி வரைந்த முன்மரத்துக்குத்தான் ஆபத்து அதிகம். நீர்த்த குன்று தப்பிவிடும்.

தம் ஓவியங்களைப் போலி செய்கிறார்கள் என்று தெரிந்ததும், வரைந்து முடித்த ஒவ்வொன்றையும் பேனாவால் ஒரு தொகுப்பில் பதிந்துவைத்தார் லோரேன். ஏறக்குறைய 200 படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 1957 முதல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தகைய தாள்களைக் காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்னும் மங்கலான அளவைத் தாண்டக்கூடாது என்பது பொது வழக்கம். சில மாதங்கள் அந்த மங்கலில் படத்திலுள்ள வெயிலைக் காட்டிவிட்டு, மறுபடி இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.