மிஸ்ஸுக்கு என்ன வருத்தம்?

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் மேல்மாடி அக்கா ஒரு தாதி. இரவு டியூட்டி முடிந்து வந்தால் பல்கணியில் நின்று பிளேன்டீ குடிப்பார். அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று. ஏழாம் கட்டில் ஐயா நடுச்சாமத்தில், "மிஸ், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்றாராம். பிரஷர் பார்த்தால் சரியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு சேலைன் ஏற்றிவிட்டு டொக்டருக்குச் சொல்வோம் என்று நினைத்தார். இருபது நிமிடம் போனது. விடியும்போது ஐயா தீவிர சிகிச்சைப் பிரிவில். "அப்பவே கோல் எடுத்திருக்கலாம்" என்பார் அக்கா.

அக்கா செய்தது பிழையா என்பது வேறு கேள்வி. அந்த 'எடுத்திருக்கலாம்' எவ்வளவு கனம் என்று அளக்க முடியுமா?

முதலில், இது ஏமாற்றம் இல்லை. பஸ் பழுதாகி நின்றால் ஏமாற்றம். நானே பிந்தி வெளிக்கிட்டு பஸ்ஸைத் தவறவிட்டால்தான் கழிவிரக்கம்: நடந்ததையும், நான் வேறு மாதிரிச் செய்திருந்தால் நடந்திருக்கக்கூடியதையும் மனம் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. கண்குழிக்கு மேலே உள்ள மூளைப் பகுதி சேதமடைந்தவர்களை ஒரு பந்தய விளையாட்டில் வைத்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். தோற்றால் அவர்களுக்கும் ஏமாற்றம் வந்தது. 'மற்றதைத் தெரிவுசெய்திருந்தால் வென்றிருப்பாய்' என்று காட்டினாலும் இந்த உறுத்தல் மட்டும் வரவில்லை.

இந்த உறுத்தலை அளக்க, தாதியருக்கும் டொக்டர்மாருக்குமான அளவுகோல் ஒன்றை ஜெனீவா ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். மனதில் நிற்கும் ஒரு சம்பவத்தை நினைத்துக்கொண்டு பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சில உணர்ச்சி பற்றியவை, சில உடல் பற்றியவை, சில திரும்பத் திரும்ப வரும் எண்ணம் பற்றியவை. யார் பிழை என்று அது கேட்பதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். விசாரணை என்று தெரிந்தால் எந்த மிஸ் உண்மை சொல்வார்?

சரி, அந்தப் பதில்களிலிருந்து வரும் எண்ணை நம்பலாமா? பத்துக் கேள்விகளும் ஒரே பக்கம் இழுக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய அதே பதில் வர வேண்டும். அப்புறம், வாழ்க்கையில் வேறு எதனுடனாவது அது பொருந்த வேண்டும். 2015இல் அதே ஜெனீவாக் குழுவினர் இந்த உறுத்தலுக்கும் தூக்கமின்மைக்கும் தொடர்பு கண்டார்கள். ஒரே தடவை கேட்டுப் பெற்ற பதில்கள் அவை. உறுத்தலால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டதால் உறுத்தல் பெருத்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரவு டியூட்டிக்காரரிடம் இந்த முடிச்சு இன்னும் இறுகும்.

பிரெஞ்சு பேசும் ஜெனீவாவின் கேள்விகளை கொழும்புத் தமிழுக்குக் கொண்டுவருவது இன்னொரு பெரும்பாடு. வழக்கமாக ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்ப்பார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதுவும் போதாது, தாதியரிடமே வாசித்துக் காட்டி என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும்.

நானும் அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "வேலையில உங்களுக்கு எவ்வளவு வருத்தம், அக்கா?"

"எனக்கென்ன வருத்தம்? கொஞ்சம் பிரஷர், அவ்வளவுதான்."

எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அதை மறந்துபோனேன். "இல்லை அக்கா, எது மனசை உறுத்துது?" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். "ஏழாம் கட்டில்."