ஆளுநர் எப்படி முதல்வர் ஆனார்?

அமெரிக்க அரசியல்வாதி மிட் ராம்னியைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் "மாசசூசெட்ஸ் மாநிலத்தின் முன்னாள் முதல்வர்" என்ற தொடரை இதற்கு மேலும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க இயலவில்லை. அவர் 2003 முதல் 2007 வரை வகித்தது கவர்னர் பதவி. அதற்குத் தமிழ் ஆளுநர்.

கவர்னர் என்ற சொல், கப்பலைச் செலுத்தும் மீகாமனைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. ஆளுநர் என்பது 'ஆள்' என்னும் வினையடியோடு 'நர்' விகுதி சேர்ந்து, ஓட்டுநர், இயக்குநர் போல அமைந்தது. ஆதலால் 'ஆளுனர்' என்று எழுதுவது பிழை. இலங்கைத் தமிழில் முன்பு தேசாதிபதி என்றார்கள்.

முதல்வர் என்று எழுதுவோர் சொல்லும் காரணம் எனக்குத் தெரியாததன்று. நம் நாட்டில் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர், அமெரிக்க ஆளுநரோ மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், எனவே வாசகர் குழம்பக்கூடாது என்பதே அது. ஆனால் ஒரு குழப்பத்தை நீக்கப் போய் அதைவிடப் பெரிய பிழையை அவர்கள் புகுத்துகிறார்கள். முதல்வர் என்றால் முதலமைச்சர்; சட்டமன்றப் பெரும்பான்மை இருக்கும்வரை மட்டுமே அவருக்குப் பதவி. ராம்னி குடியரசுக் கட்சிக்காரர். அவர் பதவியிலிருந்த நான்கு ஆண்டுகளும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மையாக இருந்தது. எந்த முதல்வரால் அப்படி நான்கு நாள் நீடிக்க முடியும்? 2006-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அதன் சில பிரிவுகளை அவர் மறுப்பாணையால் (வீட்டோ) தள்ளியதும், சட்டமன்றம் மூன்றில் இரு பங்கு வாக்கால் அந்த மறுப்பை முறியடித்ததும், சட்டமன்றத்துக்கு வெளியே தனித்து நிற்கும் ஆட்சித்தலைவருக்கே பொருந்தும் நிகழ்ச்சிகள். சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தாலோ, அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டிய நம் ஆளுநரைவிட, உண்மையிலேயே ஆளுகின்ற அவருக்குத்தான் இப்பெயர் கூடுதலாகப் பொருந்துகிறது.

அமெரிக்க மாநிலத்தின் துணை ஆளுநரைத் துணை முதல்வர் என்று எழுதும் அடுத்த பிழையும் இதிலிருந்தே கிளைக்கிறது. அதற்காக 'துணைநிலை ஆளுநர்' என்றும் எழுத வேண்டாம். அது புதுச்சேரி, தில்லி போன்ற ஒன்றியப் பகுதிகளுக்கு உரிய பெயர்.

வேட்பாளர் என்ற சொல்லிலும் இதே கவனக்குறைவைக் காண்கிறேன். வேட்பு என்றால் விருப்பம் என்பதனால், போட்டியிட விரும்பிய எல்லாரையும் அதிபர் வேட்பாளர் என்று எழுதிவிடுகிறார்கள். 2008-இல் ராம்னி, வேட்பாளராவதற்குத் தம் கட்சியின் நியமனத்தை நாடித் தோற்றவர். 2012-இல்தான் கட்சியின் அதிபர் வேட்பாளராகி ஒபாமாவிடம் தோற்றார். மிச்சிகன் ஆளுநராக இருந்த அவர் தந்தை ஜார்ஜ் ராம்னியும் 1968 தேர்தலுக்கு நியமனம் நாடியவரே தவிர வேட்பாளர் ஆனவர் அல்லர்.

ஆகவே "மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர்" என்றே எழுதலாம். வாசகர் குழம்புவார் என்ற அச்சம் இருந்தால், முதன்முறை வருமிடத்தில் "மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்" என்று இரண்டு சொற்களைக் கூட்டிக்கொண்டால் போதும்.