பல்கலைக்கழகத்துக்கு உங்கள் பிரச்சினையோடு போங்கள்

வன்னியில் மில் வைத்திருப்பவர்கள், கச்சான் வறுத்துப் பொதி செய்பவர்கள், குரக்கன்மா அரைப்பவர்கள், பால் சேகரிப்பவர்கள் என்று சிறுதொழில் செய்வோருக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இவர்களில் அநேகமானோருக்குப் பல்கலைக்கழகம் என்பது பிள்ளைகள் படிக்கப் போகும் இடம், அவ்வளவுதான். தங்கள் தொழிலில் ஒரு சிக்கல் வந்தால் அங்கே போய்க் கேட்கலாம் என்ற நினைப்பே வருவதில்லை.

இத்தனைக்கும் அது தூரத்தில் இல்லை. போரால் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் திரும்பவும் கிளிநொச்சிக்கே வந்துவிட்டது. அங்குள்ள அறிவியல் நகரில் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். பம்பைமடுவில் அதன் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது. நெல்லைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் கேட்க ஆள் இருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான் விற்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். கடைக்குப் போன பொதிகள் சில வாரத்தில் காறல் வாடை அடிக்கிறதென்று திரும்பி வந்துகொண்டிருந்தன. கச்சான் வாங்கும் இடத்தையும் உப்பையும் மாற்றிப் பார்த்தும் பலனில்லை. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த ஒரு மாணவியை அவரிடம் அனுப்பினோம். மாணவி முதல் நாள் எதையும் அளக்கவில்லை. அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வறுத்த கச்சான் ஆறுமுன்பே மெல்லிய கண்ணாடிப் பைக்குள் போகிறது, மெழுகுதிரிச் சுவாலையில் வாயை ஒட்டுகிறார்கள், உள்ளே வியர்க்கிறது. கடையில் அந்தப் பைகள் வெயில் படும்படி தொங்குகின்றன. வெளிச்சம், காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் கச்சானில் உள்ள எண்ணெய் கெட்டுப்போகாமல் என்ன செய்யும்?

“அம்மா, நல்லா ஆறவிட்டுக் கட்டுங்கோ. பையையும் மாத்திப் பாப்பம்” என்றார் மாணவி. “இதைச் சொல்ல இவ்வளவு நாளா ஒருத்தரும் வரேல்லையே பிள்ளை” என்றார் அம்மா. அப்புறம் வாராவாரம் ஆய்வுகூடத்தில் ஈரப்பதனும் எண்ணெயின் தரமும் அளக்கப்பட்டன. எந்தப் பையில் எவ்வளவு காலம் தாங்கும் என்ற அட்டவணை கையில் வந்த பிறகு, காலாவதித் திகதியை மனக்கணக்கில் போடும் நிலை போய்விட்டது. கடைக்காரருக்குக் காட்டவும் ஒரு தாள் கிடைத்தது. மாணவிக்கு ஆய்வு முடிந்தது.

கச்சான் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சந்தேகமான மூட்டையை வாங்கவே வேண்டாம்.

சின்னக் கேள்வியிலிருந்து பெரிய நிறுவனமே வளர்ந்திருக்கிறது. 1967 இல் திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலைக்குள் சிறு ஆய்வுகூடம் ஒன்று தொடங்கியது. ஈர நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்பதுதான் அதன் முன்னிருந்த முக்கியமான கேள்வி. அந்த ஆய்வுகூடத்தின் தொடர்ச்சிதான் இன்று தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவோர் மற்றும் மேலாண்மை நிறுவனம். மில்லுக்குள்ளேயே ஆய்வு நடந்ததை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நம்மிடமும் அதே கேள்வி இருக்கிறது. காலபோக அறுவடை ஜனவரி, பெப்ரவரியில் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. வெட்டு இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் ஈரம் அதிகம். களஞ்சியப்படுத்த அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். காயவைக்கத் தளம் இல்லாததால் தெருவோரத்தில் பரப்புகிறோம், அல்லது வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். இதற்கு ஏற்ற மலிவான உலர்த்தியைச் செய்துபார்க்கப் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வு மே மாதம் தொடங்கினால் ஈர நெல்லுக்கு எங்கே போவது? பீடங்கள் தங்கள் நாட்காட்டியைப் போகத்தோடு பொருத்தியே ஆக வேண்டும். பேச்சை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

தவிடும் அப்படித்தான். பச்சையரிசித் தவிட்டில் உள்ள நொதியம் அரைத்த உடனேயே எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். புழுங்கல் தவிடு அதைவிட நின்றுபிடிக்கும், அதில் எண்ணெயும் அதிகம். இங்கே அது பெரும்பாலும் மாட்டுக்கும் கோழிக்கும்தான் போகிறது. எண்ணெய் எடுக்க ஒரு மில்லின் தவிடு காணாது. பல மில்கள் சேர்ந்தால் கட்டுப்படியாகுமா என்பதை வியாபாரக் கற்கை மாணவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லலாம். கட்டுப்படியாகாது என்று விடை வந்தாலும் அது பெறுமதியான விடைதான்; வங்கிக் கடனில் மாட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சரி, போகும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? மாணவரின் ஆய்வேடு நூலகத்துக்குப் போகும், யாரும் படிக்கலாம். உங்கள் கலவை முறை அதில் வரக்கூடாதென்றால் வேலை தொடங்குமுன்பே எழுத்தில் போடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத தொழில் தகவலுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நீங்களே அதைத் திறந்துவிட்டால் சட்டத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால் அது யாருக்குச் சொந்தம், பரிசோதனைச் செலவு யாருடையது, முடிவை எப்போது தருவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். வாய்ப்பேச்சை நம்பி இறங்கியவர்கள் பிறகு மனம் கசந்து ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆய்வுகூடத்தில் எந்தப் பரிசோதனை செய்யலாம், எவ்வளவு காசு, எத்தனை நாள், யாரைச் சந்திப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பிரதேச செயலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒட்டுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏறும் ஒருவர், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டே வரட்டும்.