ரெப்ளிகா வாட்ச்: இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?

வேலூர் லாங் பஜார் பக்கம் வாட்ச் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது: "இன்னா பாய், இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா?" வாங்குகிறவருக்கு இந்த இரண்டு சொல் போதும். ஆனால் பழைய வாட்சைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்களுக்கும், மெஷின், டயல், முள், கேஸ் என்று தனித்தனியாக வாங்கி வீட்டு மேசையில் உட்கார்ந்து தாங்களே ஒரு வாட்ச் கட்டுகிறவர்களுக்கும் அது பத்தாது. அவர்கள் பேச்சில் ரெப்ளிகா, ஹோமேஜ், விண்டேஜ், ஃபிராங்கன் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அதில் பாதி, இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ரொம்பவும் அடிபட்ட சொல் ரெப்ளிகா, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ரெப்ளிகா இத்தாலியிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது ரெப்ளிகாரே என்ற லத்தீன் வினை, 'திரும்ப மடி' என்று பொருள், அதிலிருந்து 'மறுபடி செய்', 'மறுமொழி சொல்' என்று விரிந்தது. (டூப்ளிகேட்டுக்குள்ளும் இதே மடிப்புதான் இருக்கிறது, இருமடி. நாமும் இருமடங்கு, மும்மடங்கு என்கிறோமே.) ஓவியம், சிற்பம் பேசுகிறவர்களிடம் இந்தச் சொல்லுக்குக் கறாரான ஒரு பொருள் உண்டு. மூலத்தைப் படைத்தவரே தன் கையால் செய்த, அல்லது அவர் மேற்பார்வையில் அவருடைய பட்டறையில் செய்த இரண்டாவது உருதான் ரெப்ளிகா. வேறொருவர் பார்த்து வரைந்தது வெறும் காப்பி. ஆக, செய்தவனின் சம்மதம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. பிறகு பொருள் தளர்ந்து, அருங்காட்சியகக் கடையில் விற்கும் சின்னச் சிலை வரைக்கும் எல்லாம் ரெப்ளிகா ஆயிற்று. கடைசியாக அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ரோலெக்ஸ் பெயரையும் கிரீடத்தையும் டயலில் அச்சடித்து விற்கிறவர்கள். திருட்டுச் சரக்கு என்று சொல்ல வாய் வராது, ரெப்ளிகா என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். இவர்கள் விற்பது சட்டத்தின் கண்ணில் போலி. இந்தியாவின் வணிகச் சின்னச் சட்டம், 1999 அடுத்தவர் சின்னத்தைப் பொய்யாகப் பொறிப்பதற்கும் அப்படிப் பொறித்ததை விற்பதற்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது.

பழைய பொருளில் நிஜமான ரெப்ளிகா வேண்டுமென்றால் நம் தாத்தாக்களின் கையைத்தான் பார்க்க வேண்டும். எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு. அதன் ஜனதா, பைலட் மாடல்களுக்குள் ஓடும் 0231 என்ற சாவி கொடுக்கிற மெஷின் சிட்டிசனின் மெஷினை அடிப்படையாகக் கொண்டது. 17 கல் (மெஷினுக்குள் தேய்மானம் குறைக்க வைக்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து 'டிக்'. மூலக்காரன் வரைபடம் கொடுத்து, சொல்லியும் கொடுத்து, அவன் சம்மதத்தோடு இங்கே மறுபடி செய்தது. அந்த இத்தாலியச் சொல் சொன்னதும் இதைத்தானே? எச்.எம்.டி.யை யாரும் ரெப்ளிகா என்று கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அடிக்க வருவார்கள், அது வேறு கதை.

அந்த எச்.எம்.டி.க்கே இப்போது போலி வருகிறது. எச்.எம்.டி. வாட்சஸை மூடுவதாக 2016இல் மத்திய அரசு அறிவித்த பிறகு பைலட்டுக்கும் ஜனதாவுக்கும் தேடுகிறவர் கூடினார்கள். தேடுகிறவர் கூடினால் சரக்கு எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்? தேய்ந்த பழைய வாட்சை எடுத்து, டயலைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசி, எழுத்தை மறுபடி அச்சடித்து விற்கிற வேலைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'பம்பாய் ஸ்பெஷல்'. எச்.எம்.டி. மட்டுமில்லை, ஒரு காலத்தில் இந்தியாவில் சக்கைப்போடு போட்ட ஸ்விஸ் வாட்ச் ஃபேவர் லூபாவும் இந்தப் பூச்சுக்கு நிறையவே ஆளாகியிருக்கிறது. கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை: எழுத்து தடித்து ஓரம் பிசிறடிக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்காது, தொழிற்சாலை கனவிலும் நினைக்காத ஆரஞ்சும் கிளிப்பச்சையும் டயலில் மின்னும். உள்ளே மெஷின் அசல்தான், முகம் மட்டும் பொய். இதை ரெப்ளிகா என்பதா, போலி என்பதா, ரிப்பேர் என்பதா? சொல்லாமல் விற்றால் போலி, சொல்லி விற்றால் டயல் மாற்றியது. என் கணக்கு இவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். கையில் இருக்கும் சொற்கள் நகல், பிரதி, போலி, படி.

நகல் அரபுச் சொல், பாரசீகம், உருது வழியாக நவாபு காலத்து அரசு அலுவலகங்களில் புழங்கி, ஜோடியான அசலோடு சேர்ந்து நம்மிடம் தங்கிவிட்டது. வட ஆர்க்காட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் நகல் என்றால் குற்றமில்லாத சொல், ரேஷன் கார்டு நகல், பத்திர நகல். ஆனால் ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ உருது பேசுகிற ஒருவரிடம் 'நக்லி' என்றால் கள்ளச் சரக்கு. ஒரே தெருவில் ஒரே வேர் இரண்டு குணத்தோடு திரிகிறது. வாட்ச் விற்கிற இடத்தில் நகல் என்று எழுதினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது, எனவே தள்ளிவிடுகிறேன். (நூற்றுக்கு நூறு ஒத்துப்போனால் 'அச்சு அசல்' என்கிறோம் பாருங்கள், அசலாக இல்லாததைத்தான் அப்படிப் புகழ்கிறோம்.)

போலி, 'போல்' என்பதிலிருந்து வந்த சுத்தமான தமிழ். இலக்கணத்தில் அதற்கு ஒரு கெட்ட பெயரும் கிடையாது. நிலம் நிலன் ஆனாலும், பந்தல் பந்தர் ஆனாலும் பொருள் மாறாது, ஓரெழுத்தின் இடத்தில் இன்னொன்று நின்று வேலையைச் செய்துவிடுகிறது, அதற்குப் பெயர் போலி. ஆனால் போலி டாக்டரையும் போலி மருந்தையும் தினமும் படித்துவிட்டு இந்தச் சொல்லை இனிமேல் கழுவி எடுக்க முடியாது. பெயரும் சின்னமும் திருடிய வாட்சுக்கே இருக்கட்டும், அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பிரதி புத்தகத்துக்குப் போய்விட்டது. மிஞ்சுவது படி. ஓலையைப் பார்த்து எழுதுவது படியெடுத்தல், கல்வெட்டை மை ஒற்றித் தாளில் எடுப்பது மைப்படி. மூலத்தின் மேல் மரியாதையோடு, அதை மறைக்காமல் எடுக்கிற வேலை. ஆகவே செய்தவரின் உரிமையோடு அளவு பிசகாமல் மறுபடி செய்த வாட்சுக்கு 'நேர்படி' என்று எழுதுகிறேன். கம்பெனியே தன் பழைய மாடலைத் திரும்ப விடுவதும், ஒமேகா 1957ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டரை 2017இல் மறுபடி செய்தது போல, இதற்குள் அடங்கும்.

அடுத்தது ஹோமேஜ், எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய பிரெஞ்சில் மனிதன், ஆள் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவின் நிலப்பிரபு காலத்தில் ஒரு வீரன் பிரபுவின் முன் மண்டியிட்டுத் தன் இரண்டு கையையும் அவர் கைக்குள் வைத்து 'இன்றுமுதல் நான் உங்கள் ஆள்' என்று சொல்லும் சடங்குதான் ஹோமேஜ். ஆட்படுதல் என்று தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடலாம், 'நான் அண்ணன் ஆளு' என்று ஊரில் சொல்வதும் அதேதான். வாட்ச் உலகில், 1953இல் வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் மாதிரி ஒரு பெயர்பெற்ற அமைப்பை எடுத்துக்கொண்டு, டயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது ஹோமேஜ். இது ஏன் குற்றமாவதில்லை என்றால், வடிவத்துக்கான பாதுகாப்பு காலம் கடந்தால் தீர்ந்துவிடும், இந்திய வடிவமைப்புச் சட்டம், 2000இன்படி அதிகபட்சம் 15 ஆண்டு. பெயரும் சின்னமும் அப்படி இல்லை, புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஆட்படுதல் பொருளுக்குச் சரி, பெயருக்கு உதவாது. 'ஆட்பட்ட வாட்ச்' என்றால் சிரிப்பார்கள். நன்னூல் இதற்கு வழி வைத்திருக்கிறது. நூல் மூன்று வகை: முதல், வழி, சார்பு. முன்னோர் நூலின் முடிவோடு முழுதும் ஒத்து, பின்னால் வந்தவர் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒரு பகுதி மட்டும் ஒத்து மற்றதில் வேறுபடுவது சார்பு. ஹோமேஜுக்கு இதைவிடத் துல்லியமாக யாரும் இலக்கணம் சொல்ல முடியுமா? வழிக்கடிகாரம். வீட்டில் கட்டுகிறவர்கள் செய்வது பெரும்பாலும் இந்த வகைதான். செய்கோ குழுமத்தின் என்.எச்.35 மெஷின், 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, தானாகவும் சுற்றிக்கொள்ளும், சாவியும் கொடுக்கலாம். அதற்குப் பொருந்தும் 28.5 மி.மீ. டயல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. வேலையில் நிஜமாகவே கை நடுங்குகிற இடங்கள் இரண்டு: முள்ளை நேராக அழுத்தி உட்கார வைப்பது, சாவித் தண்டைக் கேஸ் அளவுக்கு வெட்டுவது. நீளமாக விட்டால் சாவி வெளியே துருத்தும், ஒரு பொட்டு அதிகம் வெட்டினால் வேறு தண்டு வாங்க வேண்டியதுதான். இப்படிக் கட்டியதன் டயலில் வெறுமையாக விடலாம், தன் பெயரைப் போடலாம். ரோலெக்ஸ் என்று போட்ட நொடியில் அது வழிக்கடிகாரம் இல்லை, மேலே சொன்ன போலி.

விண்டேஜ் எளிது. லத்தீனில் திராட்சை அறுவடை, பிறகு இன்ன ஆண்டு அறுவடையின் மது, பிறகு நல்ல பழசு. பிரிட்டிஷ்காரர்கள் கார் விஷயத்தில் 1919 முதல் 1930 வரை என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், வாட்சில் அப்படி ஒப்புக்கொண்ட வேலி இல்லை. நிஜமாகவே பழசானது பழங்கடிகாரம், புதிதாகச் செய்து பழைய முகம் கொடுத்தது பழம்பாணிக் கடிகாரம். இந்தப் பழம்பாணியில்தான் வேடிக்கை. பழைய டயலில் ஒளிரும் பூச்சு காலப்போக்கில் மஞ்சளித்துப் போகும். புது வாட்சில் அந்த மஞ்சளைச் சாயமாகவே கலந்து பூசுகிறார்கள், ஆங்கிலத்தில் கேலியாக ஃபாக்ஸ்டினா என்று பெயர். செம்பில் ஏறுவதற்கு நம்மிடம் களிம்பு என்ற சொல் இருக்கிறது, பொய்க்களிம்பு என்று சொன்னால் ஆயிற்று. ஒன்று மட்டும் கவனம். இருட்டில் மின்னும் ஸ்டிக்கர் எல்லாமே நமக்கு ரேடியம் ஸ்டிக்கர்தான், அதில் ரேடியம் கிடையாது. பழைய ராணுவ வாட்சுகள் சிலவற்றில் நிஜ ரேடியம் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கூடக் கலந்த வேதிப்பொருள் சிதைந்து ஒளி அணைந்திருக்கும், கதிர்வீச்சு அணைந்திருக்காது. அதைத் திறந்து சுரண்டாதீர்கள்.

பொய்க்களிம்பு பிடிக்காதவர்கள் வாருக்கு நம் பக்கத்துத் தோலைத் தேடலாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தும் பழைய முறை வட ஆர்க்காட்டுத் தோல் மண்டிகளுக்குப் புதிதல்ல. மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் கையில் கட்டக் கட்ட வெயிலிலும் வியர்வையிலும் தானாகக் கறுத்துப் பழுப்பேறும், சாயம் தேவையில்லை.

கடிகாரம் என்ற சொல்லை விட்டு 'காலங்காட்டி' என்று மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். அடியில் துளையிட்ட சின்னக் கலத்தை நீரில் மிதக்க விட்டு அது மூழ்கும் நேரத்தைக் கணக்கிட்ட காலத்துச் சொல் அது. நம் சோளிங்கரின் பழம்பெயரே திருக்கடிகை, அங்கே ஒரு கடிகை நேரம் தங்கினாலே முக்தி என்று தலபுராணம். இவ்வளவு வேர்பிடித்த சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

கடைசியாக ஃபிராங்கன். பல பிணங்களின் உறுப்பைச் சேர்த்துப் பூதம் ஒன்றை உருவாக்கும் ஃபிராங்கன்ஸ்டைன் கதையிலிருந்து வந்த பெயர். ஒரு வாட்சின் மெஷின், இன்னொன்றின் டயல், மூன்றாவதின் கேஸ் என்று சேர்த்தது. பூதம் எதற்கு, கதம்பம் என்றாலே புரியும். கதம்ப வாட்ச் வாங்குவதில் தப்பில்லை, நானே வாங்குவேன், ஆனால் விற்கிறவர் "பைலட் டயல், ஜனதா கேஸ், முள் புதுசு" என்று சொல்லி அதற்கேற்ற விலை சொல்ல வேண்டும். 'அப்படியே ஒரிஜினல் பீஸ்' என்றால் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கூடவே டயலை நெருங்கிப் பிடித்த படமும் கேளுங்கள்.