வாசனைப் பை எங்கே உடைய வேண்டும்?

செடியில் இருக்கும் புதினா இலையைத் தொடாமல் முகர்ந்து பார்த்தால் பெரிதாக வாசனை வராது. அதையே இரண்டு விரலுக்கு நடுவே லேசாகக் கசக்கினால் போதும், மணம் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டால், வாசனை இலைகளை எப்போது பறிப்பது, எங்கே வெட்டுவது, எப்படி வைத்திருப்பது, அடுப்பில் எப்போது போடுவது என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும்.

புதினா இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்னப் பள்ளங்களில் பளபளவென்று மஞ்சள் கலந்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி. அதன் தலையில் எட்டு செல்கள் வட்டமாக அமைந்திருக்கும். அவை சுரக்கும் எண்ணெய், செல்களுக்கும் அவற்றை மூடியிருக்கும் மெல்லிய மேல்தோலுக்கும் இடையில் சேரும். சேரச் சேரத் தோல் உப்பிக்கொண்டு ஒரு பையாகிவிடும். விரல் அழுத்தியதும் உடைவது அந்தப் பைதான். இவ்வளவு ஏற்பாடும் இலையைத் தின்ன வரும் பூச்சிக்கும், படரப் பார்க்கும் பூஞ்சைக்கும் எதிராக. எண்ணெய் செடியின் சொந்த செல்களுக்கும் ஆகாது என்பதால், அதை வெளியே ஒரு பையில் தள்ளி வைத்திருக்கிறது. நம் நாக்குக்குப் பிடித்துப்போனது செடி எதிர்பார்க்காத ஒன்று.

பேசில் (நம் துளசிக்கு நெருங்கிய உறவு), தைம், ஓரிகானோ, ரோஸ்மேரி எல்லாம் புதினாவின் குடும்பம். எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு, செல்களின் எண்ணிக்கைதான் மாறும். பேசிலில் நான்கு. கொத்தமல்லி, பார்ஸ்லி குடும்பம் வேறு வழியில் போகிறது. அங்கே எண்ணெய் இலைக்கும் தண்டுக்கும் உள்ளே ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. கொத்தமல்லித் தண்டை வீசி எறிபவர்கள் வாசனையில் நல்ல பங்கை எறிகிறார்கள் என்பேன். எலுமிச்சை குடும்பத்தில் எண்ணெய்ப் பை இலையின் சதைக்குள்ளேயே புதைந்திருக்கும். எலுமிச்சை இலையையோ கறிவேப்பிலையையோ வெயிலுக்கு நேரே பிடித்தால், ஒளி ஊடுருவும் புள்ளிகளாக அவை தெரியும்.

ஆக, பறிப்பதன் சூட்சுமம் ஒன்றுதான். இந்தப் பைகளை அடுப்பு வரை உடையாமல் கொண்டுவர வேண்டும். உடைய வேண்டிய இடத்தில் உடைய வேண்டும்.

முதலில் எந்த இலை என்று பார்ப்போம். பெரிய இலையில் வாசனை அதிகம் என்று தோன்றும். ஆனால் சுரப்பிகளில் பெரும்பாலானவை இலை சின்னதாக இருக்கும்போதே தோன்றிவிடுகின்றன. இலை விரிய விரிய அவை ஒன்றுக்கொன்று விலகிப் போகின்றன. அதனால் எடைக்கு எடை பார்த்தால் பேசிலின் நுனி இலைகளில்தான் மணம் செறிவு. பெப்பர்மின்ட் எனப்படும் புதினா வகையில் கதை கொஞ்சம் வேறு. இலை பிறந்து ஏறக்குறைய 12 முதல் 20 நாள் வரைதான் எண்ணெய் உற்பத்தி மும்முரமாக நடக்கிறது. இளம் இலையில் மென்தோன் என்ற பொருள் ஓங்கியிருக்கும். இலை முற்றும்போது அது மென்தாலாக மாறும். வாயில் சில்லென்ற உணர்வைத் தருவது மென்தால். குளிர்ச்சி வேண்டுமென்றால் நன்றாக விரிந்த இலையை எடுப்பதே சரி.

அடுத்தது எங்கே வெட்டுவது. நன்றாக வளர்ந்த பேசில் தண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து கீழே வந்தால், எதிரெதிராக இரண்டிரண்டு இலைகள் முளைக்கும் கணுக்கள் வரும். ஒரு கணுவில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தைப் பார்த்தால், இரண்டு பக்கமும் குட்டி இலைகளாகவோ வெறும் புள்ளியாகவோ ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். வளரும் நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி அந்த மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது என்பது 1930-களிலிருந்து தெரிந்த செய்தி. 2014-இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. செடி தயாரிக்கும் சர்க்கரையை நுனியே உறிஞ்சிக்கொள்கிறது. நுனியை வெட்டியதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது. ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டுகள் அசைய ஆரம்பித்துவிடுகின்றன.

கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே கூரான கத்தரியால் வெட்டினால், ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு கிளம்பும். அந்த இரண்டிலும் சில கணுக்கள் வந்த பிறகு மறுபடி வெட்டினால் நான்கு. தேவைப்படும்போதெல்லாம் அடியிலிருந்து பெரிய இலைகளாகப் பார்த்துக் கிள்ளுவது பலருடைய பழக்கம். செடிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சர்க்கரை தயாரிப்பது அந்தப் பெரிய இலைகள்தான். நுனியை மட்டும் விட்டுவிட்டு அவற்றைப் பறித்தால் ஒல்லியாக, உயரமாக, கிளையே இல்லாத குச்சி ஒன்று மிஞ்சும். ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது பொதுவான கணக்கு.

எல்லாச் செடிக்கும் இந்த வெட்டு பொருந்தாது. எலுமிச்சைப்புல், சைவ்ஸ் (வெங்காயக் குடும்பத்துக் கீரை) போன்றவற்றில் இலை வளரும் இடம் அடியில் இருக்கிறது. அடியைக் கொஞ்சம் விட்டு அறுத்தால் மறுபடி நீளும். கொத்தமல்லியும் பார்ஸ்லியும் நடுவிலிருந்து புது இலை விடுபவை. வெளிவட்டத்து இலைகளைக் காம்போடு அடியில் வெட்டி எடுத்துவிட்டு, நடுக்குருத்தைத் தொடாமல் விட வேண்டும். ரோஸ்மேரியில் பச்சையாக, வளையும் பகுதிவரைதான் கத்தரி போகலாம். கீழே இலையில்லாமல் மரமாகிப்போன பகுதியில் விழிக்கக்கூடிய மொட்டுகள் மிகக் குறைவு. அங்கே வெட்டினால் அந்தக் கிளை அப்படியே காய்ந்துபோகலாம்.

பூ வந்துவிட்டால் என்ன ஆகும்? பகல் நீண்டு வெயிலும் ஏறினால் கொத்தமல்லி திடீரென்று தண்டை நீட்டும். அகலமான இலைகள் போய் இறகு மாதிரி மெல்லிய இலைகள் வரும். அது தெரிந்தபோதே உள்ளே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. வளர்நுனி இலை செய்வதை நிறுத்திப் பூ செய்ய ஆரம்பித்துவிட்டதால், பூவைக் கிள்ளிப் போட்டு அதைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. பேசிலில் மொட்டு தெரிந்தவுடனே கிள்ளினால் கீழ்க்கணுக்கள் இன்னும் சில வாரம் இலை தரும். கொத்தமல்லியை அதன் போக்கில் விட்டுவிட்டு விதை எடுப்பதே புத்திசாலித்தனம். விதையின் மணம் பெரும்பாலும் லினலூல் என்ற மணப்பொருள். இலையின் மணம் ஆல்டிஹைடுகள் என்ற வேறு வகைச் சேர்மங்கள். ஒரே செடிதான், மணம் இரண்டு. அப்புறம், கொத்தமல்லி இலை சோப்பு மாதிரி இருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பது பாசாங்கு இல்லை. ஆல்டிஹைடுகளை உணரும் ஓஆர்6ஏ2 என்ற மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. மரபணுவின் பங்கு சிறியதுதான்; பழக்கத்துக்கும் இதில் இடம் உண்டு.

காலையில் பறிப்பதா, மாலையிலா? தோட்டக்கலைப் புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே குரலில் காலை என்கின்றன. காரணம் உண்டு. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரில் இலை விறைப்பாக இருக்கும். வெயில் ஏறி எண்ணெய் ஆவியாகத் தொடங்கியிருக்காது. பனி உலர்ந்த பிறகு, சூடு ஏறுவதற்கு முன்பு என்பது நல்ல நேரம்தான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பகலில் இலை சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்க்கிறது. இரவில் அதைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. விடியும்போது கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். பறித்த இலையும் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது, அதற்கும் அந்தச் சர்க்கரைதான் வேண்டும். பேசிலை வைத்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், மாலை 6 மணிக்கோ இரவு 10 மணிக்கோ பறித்த இலைகள், அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் பறித்தவற்றைவிடத் தெளிவாக அதிக நாள் தாங்கின. அன்றே சமைப்பதற்கு என்றால் காலையிலோ, இன்னும் நல்லது, உலை கொதிக்கும்போதோ போய்ப் பறிக்கலாம். நாலு நாள் வைத்திருக்க வேண்டும் என்றால் என் ஓட்டு மாலைக்கு, வெயில் தாழ்ந்து இலை மறுபடி விறைத்த பிறகு.

பறித்ததும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் தள்ளுவது இன்னொரு பழக்கம். கொத்தமல்லிக்கும் பார்ஸ்லிக்கும் அது ரொம்பப் பொருத்தம்; பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் அவை வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும். தண்டு நுனியை நீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாக மூடினால் போதும். பழுத்த ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடுவதால், பக்கத்தில் இருந்தால் இலை சீக்கிரம் மஞ்சளாகும். பேசில் வெப்பமண்டலச் செடி. ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் செல்சவ்வுகளிலுள்ள கொழுப்பு இறுகி, சவ்வு கசிய ஆரம்பிக்கும். தனித்தனி அறைகளில் இருந்த ஃபீனால் பொருள்களும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும், ஆக்சிஜனும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மறுநாள் இலையெல்லாம் கரும்புள்ளி. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பு நிறமாவதும் இதே வினையால்தான். பேசிலை வெயில் படாத மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். சில நாளில் அதில் வேரே விடும்.

மழுங்கின கத்தி செய்வதும் இதையேதான். அது வெட்டுவதைவிட நசுக்குவது அதிகம். நசுங்கிய ஓரமெல்லாம் கறுக்கும், எண்ணெய் பாத்திரத்துக்குப் பதிலாகப் பலகையில் இறங்கும். கழுவுவதும் சமைப்பதற்குச் சற்று முன்பு இருக்கட்டும். ஈரத்தோடு வைத்த இலை அழுகத்தான் செய்யும்.

கடைசியாக அடுப்பு. லினலூலின் கொதிநிலை 198 டிகிரி செல்சியஸ். அப்படியென்றால் கொதிக்கும் குழம்பில் அது பத்திரமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இருக்காது. இத்தகைய எண்ணெய்கள் நீராவியோடு சேர்ந்து 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடும். வாசனை எண்ணெய் ஆலைகள் வடித்தெடுப்பதும் இந்த முறையில்தான். வீடு முழுக்க மணக்கிறது என்றால் பாத்திரத்தில் அது குறைந்துகொண்டிருக்கிறது. பேசில், கொத்தமல்லி, புதினா மூன்றையும் இறக்கும்போது போடுவது இதற்காக. ரோஸ்மேரியின் இலை தடித்தது, ஓரம் உள்ளே சுருண்டது. எண்ணெயை மெதுவாகத்தான் விடும், முதலிலேயே எண்ணெயிலோ நெய்யிலோ போடலாம். தைமிலும் ஓரிகானோவிலும் உள்ள தைமால், கார்வக்ரால் ஆகிய மணப்பொருள்கள் அவ்வளவு எளிதில் ஆவியாகாதவை. நிழலில், 40 டிகிரிக்கு மிகாமல் உலர்த்தினாலும் அந்த இலைகள் மணத்தோடு இருப்பதும் அதனால்தான். கொத்தமல்லியை உலர்த்தினால் பச்சை நிறம் ஏதோ மிஞ்சும், மணம் மிஞ்சாது.

அதிகமாக விளைந்துவிட்டால் பொடியாக நறுக்கி எண்ணெயில் குழைத்து உறைய வைக்கலாம். மணப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. மண்ணிலிருந்து இலையில் ஒட்டி வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள், காற்றே புகாத, புளிப்பில்லாத, ஈரமான அந்தச் சூழலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். எண்ணெய் கெட்ட வாசனை எதுவும் அடிக்காது, நிறமும் மாறாது. உறைய வைக்காவிட்டால், ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள்.